இன்னும் கொஞ்சம் ரெக்கார்டு பண்ணியிருக்கலாம்!



போன வாரம் என் போன் என்கிட்ட கோவிச்சுக்கிச்சு. 'உள்ளே இடமே இல்லை, எதையாவது அழிச்சுட்டு வா' என்று கறாராகச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழிக்க உட்கார்ந்தேன்.

ஆறாயிரத்துச் சொச்சம் போட்டோ! அதில் பாதி, சாப்பிடுறதுக்கு முன்னாடி எடுத்த பரோட்டா. கால்வாசி, அடுத்தவன் நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் (எடுத்ததோட சரி, படிச்சதா சரித்திரமே கிடையாது). மிச்சமெல்லாம் சொந்தக்காரங்க குரூப்பில் வந்த 'காலை வணக்கம்' ரோஜாப்பூ. கை பாட்டுக்கு அழிச்சுக்கிட்டே வந்தது. திடீரென்று ஒண்ணு உறைச்சது. இந்த ஆறாயிரத்தில் எங்க அப்பத்தாவின் குரல் எங்கேயுமே இல்லை.

அப்பத்தா பாடும். எங்க ஊர் மானாமதுரைப் பக்கம். நடவு வயலில் பாடும், பேரப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பாடும், எழவு வீட்டில் அழுதுகிட்டே பாடும். "பெருசா பாடுறியே அப்பத்தா"ன்னு சொன்னா, "போடா, ரேடியோவுல வர்றவளுக்குத்தான் பாட்டு, எனக்கு என்னத்த வரும்"னு வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கும். அது போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. போட்டோ ரெண்டு இருக்கு. ஒண்ணு ரேஷன் கார்டுக்காக எடுத்தது. இன்னொண்ணு அக்கா கல்யாணத்தில், யாரோ ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி பாதி முகம். குரல்? ஒரு செகண்டுகூட இல்லை.

'இதை ஏம்ப்பா மியூசிக் பக்கத்தில் வந்து புலம்புறே?' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. காரணம் இருக்கு பாஸ். அந்த நேரத்தில் என் காதில் ஓடிக்கொண்டிருந்த ஆல்பத்தின் பெயரே, தமிழில் சொன்னால், 'இன்னும் நிறைய போட்டோ எடுத்திருக்கணும்'!

அதனால இந்த வாரம் ஆறு ஆல்பம். ராப், பாப், பாலைவன ராக், கஜல், ஃப்யூஷன் என்று ஆறும் ஆறு திசை. ஆனால் ஆறுமே கைவிட்டுப் போனதையோ, போயிடுமோ என்று பயப்படுவதையோ இழுத்துப் பிடிச்சு வைக்கப் பார்க்கிற ஆல்பங்கள். ஹாஸ்டல்ல உட்கார்ந்து வீட்டு நெனப்புல சுத்துற மக்களுக்கு இது ஸ்பெஷல் மெனு. ஒரே ஒரு கண்டிஷன்... 'ஷஃபிள்' பட்டனை அணைச்சுட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையா கேட்கணும். டீலா, நோ டீலா?

1. ரெண்டு பிளாஸ்டிக் சேர், நாலு வாழை மரம்

ஆல்பம்: தெபி திரார் மாஸ் ஃபோதோஸ் (2025)
பாடியவர்: பேட் பன்னி

அட்டைப் படத்தைப் பார்த்ததும் நம்ம ஊர்னு நினைச்சுட்டேன். வாழை மரங்களுக்கு முன்னால் காலியாக ரெண்டு வெள்ளை பிளாஸ்டிக் சேர். அவ்வளவுதான். காதுகுத்துக்கு வந்தவங்க இப்பத்தான் எழுந்து போன மாதிரி! ஆனால் இது கரீபியன் கடலில் இருக்கிற புவேர்ட்டோ ரிக்கோ தீவு. 1898-லிருந்து அமெரிக்காவின் கையில் இருக்கிறது. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனால் தீவிலேயே குடியிருந்தால் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. அப்படி ஒரு விசித்திரமான நிலைமை.

பேட் பன்னியின் நிஜப் பெயர் பெனிட்டோ. காலேஜில் படிச்சுக்கிட்டே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர்களின் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். ராத்திரியில் பாட்டு போட்டு இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். பார்ட் டைம் வேலைக்குப் போற மக்களே, நோட் பண்ணுங்க!

உலகமே கேட்கிற ஸ்டார் ஆன பிறகு இவர் என்ன பண்ணியிருக்கணும்? இங்கிலீஷில் ஒரு ஆல்பம் போட்டு இன்னும் துட்டு பார்த்திருக்கணும். மனுஷன் நேர் எதிராகத் திரும்பி ஊருக்குப் போனார். அவர் தாத்தா காலத்து சால்சாவையும் பிளேனாவையும் இன்றைய ரெகேட்டான் தாளத்தோடு கலந்து 17 பாட்டு. பிளேனான்னா நம்ம கஞ்சிராவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி கையால் அடிக்கிற தோல் வாத்தியங்களோடு தெருவில் பாடும் பாட்டு. ஊரில் நடந்த சங்கதிகளை ராகம் போட்டுப் பாடுவதால் அதற்குப் 'பாடும் பேப்பர்' என்றே பெயர். அந்தக் காலத்தில் ரயிலிலும் சந்தையிலும் பாடி வித்தார்களே கொலைச் சிந்து, அதேதான்! இதில் வருகிற ஒரு சால்சா பாட்டுக்கு அந்த ஊர் இசைப் பள்ளி மாணவர்களே வாசித்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்க, பின்னியிருக்காங்க.

ஆல்பத்தோடு ஒரு குறும்படமும் விட்டார். ஒரு பெரியவர், சொந்த ஊர் பேக்கரிக்குள் போகிறார். அங்கே அவர் பாஷை செல்லவில்லை. அவர் நீட்டுகிற ரூபாய் நோட்டும் செல்லவில்லை. ஊர் அப்படியே இருக்கு, ஊர்க்காரனைக் காணோம். 2025-ல் சொந்தத் தீவில் 30 கச்சேரி அறிவித்தபோது, முதல் 9 நாள் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் டிக்கெட் என்றார். செம கெத்து!

எப்போ கேட்கலாம்: லீவு முடிஞ்சு ஊரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில்.
குறை: நடுவில் ரெண்டு மூணு பாட்டு ஒரே மாதிரி ஒலிக்குது. பொறுத்துக்கோங்க, கடைசி ரெண்டு பாட்டு வட்டியும் முதலுமா குடுத்துடும்.

2. பாட்டி பேரில் ஒரு ராப்

ஆல்பம்: வள்ளியம்மா பேராண்டி (2024)
பாடியவர்: அறிவு

ராப் பாடகர்கள் ஆல்பத்துக்குப் பேர் வைக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ராஜா, சக்கரவர்த்தி, சிங்கம் என்றுதான் இருக்கும். அரக்கோணத்துக்காரர் அறிவு தன் பாட்டி பேரை வைத்தார். 'நான் யாருன்னு கேட்டா, வள்ளியம்மாவோட பேரன்.' முடிஞ்சது அறிமுகம்.

2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் பார்த்தபோதே இந்த ஆளு வேற ரகம் என்று தெரிந்தது. 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி'யை யார்தான் கேட்கலை? அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே வந்த இந்த வள்ளியம்மாதான்.

இங்கே கொஞ்சம் ஹிஸ்டரி. போரடிக்காது, கேளுங்க. வெள்ளைக்காரன் காலத்தில் நம் மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான பேரைத் தோட்ட வேலைக்கு இலங்கை மலைக்குக் கூட்டிப் போனார்கள். முதலில் காப்பி, அப்புறம் தேயிலை. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து கணக்குப் போட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்! மூட்டை எண்ணுற மாதிரி மனுஷங்களை எண்ணியிருக்காங்க. நீலகிரிக்கு டூர் போகும்போது 'டான்டீ' எஸ்டேட் போர்டு பார்த்திருப்பீங்களே... அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு ஆரம்பித்ததுதான் அது.

நம்ம பாடப் புத்தகத்தில் இந்த விஷயத்தை நாலு வரியில் தாண்டிட்டுப் போயிடுவோம். அறிவு தாண்டலை. நின்னு, பாட்டியோட கண்ணு வழியா பார்க்கிறார். ஆட வைக்கிற தாளத்துக்கு நடுவில் சட்டென்று ஒரு வரி வந்து ஊசி மாதிரி குத்தும். காலு ஆடிக்கிட்டே இருக்கும், கண்ணு கலங்கும். அதுதான் மேட்டர்.

எப்போ கேட்கலாம்: 'ராப்னா சும்மா கத்துறதுதானே' என்று சொல்லும் மாமா பக்கத்தில் இருக்கும்போது.
குறை: சில இடங்களில் இசை வார்த்தையை முழுங்குது. நல்ல ஹெட்போன் அவசியம்.

3. அண்ணன் ரூமே ஸ்டுடியோ

ஆல்பம்: ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட் (2024)
பாடியவர்: பில்லி ஐலிஷ்

ரெண்டு கனமான ஆல்பத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடுவோம். பில்லி ஐலிஷை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு அவர் பாட்டு தெரியும், அவர் பாடினதுன்னு தெரியாது!

2019-ல் வந்த முதல் ஆல்பத்தை அவரும் அண்ணன் ஃபினியஸும் வீட்டிலேயே, அண்ணனின் குட்டி பெட்ரூமில் ரெக்கார்டு செய்தார்கள். 2020-ல் அது கிராமி விருதுகளை அள்ளியபோது பில்லிக்கு 18 வயசு. நம்ம வீட்டில் அண்ணன் ரூம் பக்கம் போனாலே 'வெளியே போடி'தான் வரும். இங்கே பாருங்க!

மூன்றாவது ஆல்பமான இதிலும் அதே அண்ணன் - தங்கைதான். இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், ரிலீஸுக்கு முன்னாடி ஒரு பாட்டைக்கூடத் தனியா வெளியே விடலை. பத்துப் பாட்டையும் ஒண்ணா, ஒரே நாளில் கொடுத்து 'மொத்தமா கேளுங்க' என்றார். 15 செகண்டில் அடுத்த ரீல்ஸுக்குத் தாவுற காலத்தில் இதுக்கு ஒரு தில்லு வேணும். நான் மேலே போட்ட 'ஷஃபிள் கூடாது' கண்டிஷன் இங்கேதான் பலன் கொடுக்கும். குசுகுசுவென்று காதில் பேசுகிற மாதிரி ஆரம்பிக்கிற பாட்டு, பாதி வழியில் சட்டை மாத்திக்கிட்டு வேற ஆளா நிக்கும். முன்னாடி வந்த ஒரு சங்கதி பின்னாடி இன்னொரு பாட்டில் தலைகாட்டும். மாத்தி மாத்திக் கேட்டா இதெல்லாம் காணாமப் போயிடும்.

இதில் என்ன இழப்பு இருக்குன்னு கேட்கறீங்களா? கூடப் பிறந்தவங்களோடு ஒரே ரூமில் இருக்கிற வருஷங்கள் ரொம்பக் கம்மி பாஸ். எங்க அக்காவும் நானும் ஒரே டேப் ரெக்கார்டருக்கு அடிச்சுக்கிட்டது நேத்து மாதிரி இருக்கு. இப்போ அவ கத்தாரில். மாசத்துக்கு ஒரு வீடியோ கால், அதிலும் பாதி நேரம் 'கேட்குதா... கேட்குதா'தான்.

எப்போ கேட்கலாம்: ராத்திரி, லைட்டை அணைச்ச பிறகு.
குறை: மைதானத்தில் ஸ்பீக்கரில் போட்டா ஒண்ணும் விளங்காது. இது காதுக்குள்ள கேட்க வேண்டியது.

4. சைக்கிள் கேபிள் கிட்டார்

ஆல்பம்: டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ் (2025)
பாடியவர்: எம்டூ மொக்தார்

இந்தப் பெயரைக் கேட்டதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இவர் கதையைக் கேட்டா விடமாட்டீங்க.

ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு நாடு. சஹாரா பாலைவனம். துவாரெக் இனத்துப் பையன் ஒருத்தனுக்குக் கிட்டார் மேல் ஆசை. வாங்கக் காசு இல்லை. தானே ஒண்ணு செஞ்சான். கம்பிக்கு? சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரிச்சு மாட்டினான்! அதிலேயே இடது கையால் வாசிக்கப் பழகினான்.

அந்தப் பக்கம் அப்போ இணைய வசதி ரொம்பக் கம்மி. பாட்டு எப்படிப் பரவுச்சு தெரியுமா? செல்போன் மெமரி கார்டில்! ஒருத்தர் போனிலிருந்து இன்னொருத்தருக்கு ப்ளூடூத்தில் மாத்தி மாத்தியே பாலைவனம் முழுக்க சுத்திச்சு. ('டேய், ப்ளூடூத் ஆன் பண்ணுடா' என்று நம்ம அண்ணன்மார் பஸ் ஸ்டாண்டில் நின்ன காலம் ஞாபகம் வருதா?) அப்படிச் சுத்தின பாட்டுகளைத் தொகுத்து ஒரு ஆல்பம் வந்தது. உலகம் இவரைக் கண்டுபிடிச்சது அதில்தான். 2015-ல் ஒரு படத்திலும் நடித்தார். பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' படத்துக்கு மரியாதையாக எடுத்தது. துவாரெக் மொழியில் 'பர்ப்பிள்' என்ற நிறத்துக்கு வார்த்தையே இல்லையாம். அதனால படத்துக்கு 'கொஞ்சம் சிவப்பு கலந்த நீல மழை' என்று அர்த்தம் வருகிற மாதிரி பேர் வெச்சுட்டாங்க. எப்பூடி!

2023 ஜூலையில் இவர் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் முடிக்கிற நேரம். அங்கே நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சிடுச்சு. எல்லை மூடியாச்சு. மூட்டை கட்டி வெச்சவங்களுக்கு வீட்டுக்குப் போக வழியில்லை. என்ன பண்ணாங்க? அதிரடி ராக்காக ஏற்கெனவே பதிவு செஞ்சு வெச்சிருந்த 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' பாட்டுகளை, நியூயார்க்கின் புரூக்ளினில் உட்கார்ந்து, கரண்ட் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணக் கிட்டாரில் திரும்ப வாசிச்சாங்க. கோபமாக இருந்த அதே பாட்டு அழுகையாக மாறிடுச்சு. பிறகு குழுவில் ஒருவர் ஊர் திரும்பி, அங்கே உள்ளவர்கள் கூடிப் பாடுவதைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்து அனுப்பி, அதையும் சேர்த்தார்கள். வீட்டுக்குப் போக முடியாதவங்க பாட்டில், வீட்டோட குரல்!

ரெண்டு ஆல்பத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுக் கேளுங்க. முதலில் 2024-ல் வந்த அதிரடி, அப்புறம் இது.

எப்போ கேட்கலாம்: சனிக்கிழமை சாயந்திரம், ஹாஸ்டல் காலியாகி நீங்க மட்டும் இருக்கும்போது.
குறை: பாஷை ஒரு வார்த்தை புரியாது. அதெல்லாம் ஒரு குறையா?

5. ராத்திரிக்கு ஒரு ராணி

ஆல்பம்: நைட் ரெயின் (2024)
பாடியவர்: அரூஜ் ஆஃப்தாப்

லாகூரில் வளர்ந்து, அமெரிக்காவின் பெர்க்லி காலேஜில் இசை படித்தவர் அரூஜ். 2021-ல் 'வல்ச்சர் பிரின்ஸ்' என்று ஒரு ஆல்பம் போட்டார். அந்த ஆல்பம் உருவாகும் காலத்தில் அவர் தம்பி இறந்துபோனார். ஆல்பம் அந்தத் தம்பிக்குச் சமர்ப்பணம். அதில் ஓங்கி அழுகிற இடம் ஒண்ணுகூட இல்லை. தபலா தடதடப்பும் இல்லை. யாழ் மாதிரி ஹார்ப், மெல்லிசா கிட்டார், நடுவில் தணிந்த அந்தக் குரல். துக்க வீட்டில் எல்லாரும் போன பிறகு ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கிற மாதிரி. அதில் வரும் 'மொஹப்பத்' என்ற பழைய கஜலுக்கு 2022-ல் கிராமி கிடைத்தது. பாகிஸ்தானிலிருந்து அந்த விருதை முதலில் வாங்கியவர் இவர்தான்.

'நைட் ரெயின்' அதற்கு அடுத்த கட்டம். துக்கம் முடிஞ்சு ராத்திரியில் வெளியே நடக்க ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. நம்ம வாசலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆளைத் தூக்கும் வாசனையோட பூக்குமே 'நைட் குயின்', அந்தச் செடி பேரிலேயே ஒரு பாட்டு உண்டு - 'ராத் கீ ராணி'. அட்டகாசம்!

இன்னொரு ஆச்சரியம். ரெண்டு பாட்டின் வரிகள் மஹ் லகா பாய் என்ற ஹைதராபாத் பெண் எழுதியவை. 1768-ல் பிறந்தவர். தன் உருதுக் கவிதைகளுக்குத் தனித் தொகுப்பே கண்ட முதல் பெண் கவிஞர் என்று பேர் வாங்கியவர். ஆனால் அது அச்சானது அவர் 1824-ல் இறந்த பிறகுதான். யாரோ எழுதி வெச்சதால தப்பிச்சது. தப்பிச்சதால இருநூறு வருஷம் கழிச்சு நியூயார்க்கில் ஒருத்தர் பாடுறார்.

எப்போ கேட்கலாம்: ராத்திரி மொட்டை மாடியில். கூட ஒருத்தர் இருந்தால் சரி, பேசாதவராக இருக்கணும்.
குறை: பரீட்சைக்குப் படிக்கும்போது போட்டீங்க... அரியர் நிச்சயம்!

6. இந்த நொடி

ஆல்பம்: திஸ் மொமென்ட் (2023)
குழு: ஷக்தி

கடைசியா நம்ம வீட்டு விருந்து. இங்கிலீஷ்காரர் ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், ஜாகிர் உசேன் தபலா, எல்.ஷங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம். இப்படி 1970-களில் கூடிய குழுதான் ஷக்தி. ஜாஸும் கர்னாடக சங்கீதமும் ஹிந்துஸ்தானியும் ஒரே பாயில் உட்கார்ந்த முதல் பந்தி என்று சொல்லலாம். எங்க மானாமதுரைக்காரங்களுக்கு இதில் தனிக் கர்வம் உண்டு. கடம் என்றாலே மானாமதுரை மண்தானே!

1977-க்குப் பிறகு ஷக்தி பெயரில் வந்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது. 46 வருஷ இடைவெளி. இப்போ பாடுறது சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவும் கொன்னக்கோலும் செல்வகணேஷ் - விக்கு விநாயக்ராமின் மகன். அப்பா உட்கார்ந்த இடத்தில் பிள்ளை. 'தகதிமி'யை சங்கர் மகாதேவனும் செல்வகணேஷும் வாயால் வீசி விளையாடுற இடத்தில் விசில் அடிக்காம இருக்க முடியலை. எட்டுப் பாட்டில் ஒண்ணு பேரு 'மோகனம்'. கர்நாடக சங்கீதம் கிளாஸில் பாதியில் ஓடி வந்தவங்க அதிலிருந்து ஆரம்பிக்கலாம்!

'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று ஒண்ணு இருக்கு. நடுவில் 'ரிமெம்பர் ஷக்தி' என்று அந்தக் குழு உலகம் சுத்தினப்போ கூட வாசிச்சவர் நம்ம மாண்டலின் ஸ்ரீனிவாஸ். 2014-ல், 45 வயதில் சென்னையில் காலமானார். அந்தப் பேரைப் பார்த்ததுமே தொண்டை அடைச்சுக்கிச்சு.

2024 பிப்ரவரியில் இந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. ஜாகிர் உசேனுக்கு அன்னிக்கு ராத்திரி மட்டும் மூணு கிராமி. அதே வருஷம் டிசம்பர் 15-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் அவர் போய்ச் சேர்ந்தார். 73 வயசு. அதன் பிறகு ஆல்பத்தோட பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க... 'இந்த நொடி'. அந்த விரல்கள் இனிமேல் இல்லை. ஆனால் யாரோ மைக் வெச்சாங்க, பட்டனை அமுக்கினாங்க. இருக்கு.

எப்போ கேட்கலாம்: காலையில், பல் தேய்ச்ச உடனே. அன்னிக்கு நாள் நல்லாப் போகும்.
குறை: முடிஞ்சுடுது.

சரி, அப்பத்தா மேட்டருக்கு வர்றேன்

ஆறையும் கேட்டு முடிச்ச பிறகு ஊருக்குப் போன் போட்டேன். அத்தைதான் எடுத்துச்சு. "அத்தை, அப்பத்தா நடவுல ஒரு பாட்டுப் பாடுமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, எதுக்குடா?"

"பாடேன்."

"கூறு கெட்டவனே, அடுப்புல சோறு கொதிக்குது" என்று வைத்துவிட்டது. பத்து நிமிஷத்தில் அதுவே திரும்பக் கூப்பிட்டது. பாடிச்சு. பாதியில் சித்தி உள்ளே புகுந்து, "அது அப்படியில்ல மதினி, அந்த இடத்துல இழுக்கணும்" என்று வேற மாதிரி பாடிச்சு. ரெண்டு பேருக்கும் சண்டை! அடுத்த வாரமே ராமேஸ்வரம் ரயிலில் ஏறி, நேரில் போய் உட்கார்ந்து பதிவு செய்தேன். மொத்தம் ரெண்டு நிமிஷம் நாற்பது செகண்டு. நடுவில் ஒரு சேவல், ரெண்டு குக்கர் விசில், "மறந்துபோச்சே"ன்னு நாலு தடவை. ரெண்டு பேரும் சேர்ந்து பாதிப் பாட்டுதான் தேறுச்சு. மீதிப் பாதி? அது போனது போனதுதான். யாருக்குமே தெரியலை.

அதனால உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். மார்க் கிடையாது, ஆனா டெட்லைன் இருக்கு. அது எப்போன்னு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது தாத்தா, பாட்டி, அப்பத்தா, அம்மாச்சி யாராவது இருந்தா, பக்கத்தில் உட்காருங்க. ஃபேனை அணைச்சுடுங்க, அந்த 'கடகடா' சத்தம் எல்லாத்தையும் கெடுத்துடும். போனை ஒரு முழ தூரத்தில், துணி மேல வைங்க. முதலில் நீங்களே தேதியும், ஊரும், அவங்க பேரும் சொல்லிடுங்க. பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க, 'அந்தக் காலத்துல நாத்து எப்படி நட்டீங்க'ன்னு கேளுங்க, பாட்டு தானா வரும். பதிவு செஞ்சதை ரெண்டு இடத்தில் காப்பி எடுத்து வைங்க. முக்கியமா, போன் 'இடமில்லை'ன்னு கத்தும்போது பரோட்டாவை அழிங்க, இதை அழிச்சுடாதீங்க!

பதிவு பண்ணினா யார் குரல், என்ன பாட்டுன்னு நமக்கும் ரெண்டு வரி எழுதிப் போடுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். இப்போதைக்கு... ஜூட்!